பூங்காவில் உலக இசை, நடன விழா: மதுரையில் முதல்முறை நடத்துபவர்களுக்கு முழு வழிகாட்டி

மதுரையில் நாங்கள் ஒரு சிறு குழுவாகச் சேர்ந்து திறந்தவெளி இசை, நடன விழா நடத்த ஆரம்பித்து நான்கு வருடம் ஆகிறது. வெளிநாட்டுக் குழு இரண்டு, வெளிமாநிலக் குழு இரண்டு, நம் பக்கத்துக் கலைஞர்கள் மூன்று செட்டு, ஒரே மாலை. அதுதான் எங்கள் அளவு. பிறகு இதேபோல நடத்த விரும்பிய மூன்று குழுக்களுக்குக் கூட இருந்து உதவினேன். மூன்று பேருமே ஒரே இடத்தில் தடுக்கினார்கள். முதலில் கலைஞர்களைப் பேசி முடித்து, பிளக்ஸும் அடித்துவிட்டு, அப்புறம்தான் இடத்தையும் அனுமதியையும் தேடிப் போனார்கள்.

அதனால் இந்த வழிகாட்டியில் வரிசைதான் முக்கியம். நாள், இடம், அனுமதி, கலைஞர்கள், மேடை, கரண்டும் சவுண்டும், நிகழ்ச்சி நிரல். இந்த வரிசையில் போங்கள். நான்கு மாதமாவது கையில் இருக்கட்டும்.

தொடங்கும் முன் ஐந்து பேர் வேண்டும்: அனுமதிக்கு ஒருவர், கலைஞர்களுக்கு ஒருவர், மேடைக்கும் சவுண்டுக்கும் ஒருவர், கூட்டத்துக்கு ஒருவர், பணத்துக்கு ஒருவர். விழா அன்று ஒரே ஆள் இரண்டு பொறுப்பைப் பார்க்க முடியாது. சவுண்டுக்காரர் கூப்பிடும் அதே நிமிடத்தில்தான் வாசலில் போலீஸ்காரரும் கூப்பிடுவார்.

1. நாளைப் பஞ்சாங்கத்தோடு வைத்துப் பாருங்கள்

மழையையும் வெயிலையும் மட்டும் பார்த்து நாள் குறிப்பது முதல் தவறு. ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை மதுரையில் மாலை நேரத்து இடிமழை வராது என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. அதன் பின் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஏப்ரல், மே வெயிலில் ஐந்து மணிக்குக்கூடத் தரை சுடும். மிஞ்சுவது ஜனவரி, பிப்ரவரி.

ஜனவரி முதல் பாதியில் ஐயப்ப பக்தர்கள் வரத்து இருப்பதால் மதுரையில் தங்கும் அறை கிடைப்பது கஷ்டம். பொங்கலை ஒட்டி அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என மூன்று ஜல்லிக்கட்டு நடக்கும். அந்த வாரம் உங்கள் விழாவுக்குப் பாதுகாப்பு கேட்டால் காவல்துறையில் ஆள் இருக்காது. தைப் பௌர்ணமி அன்று தெப்பத்திருவிழா. அன்று ஊர்க்கூட்டம் மாரியம்மன் தெப்பக்குளத்தில் இருக்கும்.

அடுத்து முகூர்த்த நாள். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் மறப்பது இதைத்தான். தை, மாசி முகூர்த்தங்களில் பந்தல்காரர், மைக் செட்டுக்காரர், நாதஸ்வரம், தவில் எல்லோரும் கல்யாண வீட்டில் இருப்பார்கள். கிடைத்தாலும் வாடகை கூடுதல். மாசி சிவராத்திரியில் தென்மாவட்டம் முழுக்கக் குலசாமி கும்பிடப் போய்விடும். பறை, உறுமி, நையாண்டி மேளம் எதுவும் அந்த இரண்டு மூன்று நாளில் சிக்காது. பங்குனி தொடங்கி வைகாசி வரை அம்மன் கோவில் பொங்கல்களில் கரகாட்டக் கலைஞர்கள் ஊர் ஊராகப் போய்க்கொண்டே இருப்பார்கள். மார்ச் வந்தால் பிளஸ் டூ பரீட்சை. சுற்றுவட்டாரத்தில் ஒலிபெருக்கிக்கு எதிர்ப்பு வரும், அதில் நியாயமும் உண்டு.

நான் பரிந்துரைப்பது பிப்ரவரியில் முகூர்த்தம் இல்லாத ஒரு சனி அல்லது ஞாயிறு. தெப்பத்தையும் சிவராத்திரியையும் தவிர்த்துவிட்டு இரண்டு தேதி குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று முதல் தேர்வு, மற்றது அனுமதி கிடைக்காவிட்டால்.

2. இடத்தை மாலை ஐந்து மணிக்குப் போய்ப் பாருங்கள்

ராஜாஜி பூங்காவோ, மாநகராட்சி அலுவலகத்தை ஒட்டிய சுற்றுச்சூழல் பூங்காவோ, வேறு எந்தப் பூங்காவோ, காலையில் போய்ப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். விழா நடக்கும் நேரத்தில் அந்த இடம் எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டும். ஒரு ஞாயிறு மாலை ஐந்து மணிக்குப் போய் எட்டு மணி வரை அங்கேயே உட்காருங்கள்.

பார்க்க வேண்டியது முதலில் சூரியன். பிப்ரவரியில் ஆறரை மணிவாக்கில் அஸ்தமனம். மேடை மேற்கே இருந்தால் கூட்டம் முழுக்க ஒரு மணி நேரம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்காரும். கிழக்கே இருந்தால் ஆடுபவர் கண்ணில் வெயில் அடிக்கும். தலையில் கரகம் வைத்து ஆடுபவருக்கு அது ஆபத்து. மேடை தெற்கிலோ வடக்கிலோ இருப்பதுபோல அமையும் புல்வெளியைத் தேடுங்கள்.

அடுத்து மரங்கள். பெரிய தூங்குமூஞ்சி மரத்தடி நிழலாக இருக்கிறது என்று மேடை போட்டுவிடுவார்கள். இருட்டும் நேரத்தில் காக்கையும் மைனாவும் கூட்டமாக அடைய வரும் மரமாக அது இருந்தால் எச்சம் தவில் மேல் விழும், பறவைகளும் இரவெல்லாம் பதறும். அடையும் மரத்தைக் குறித்துக்கொண்டு மேடையையும் விளக்கையும் அதிலிருந்து தள்ளி வையுங்கள். எந்த மரத்திலும் ஆணி அடிக்கக் கூடாது.

மூன்றாவது, நூறு மீட்டர். மருத்துவமனை, கல்விக்கூடம், நீதிமன்றம் இவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலமாக அறிவிக்கப்படலாம். தல்லாகுளம், கோரிப்பாளையம் பக்கம் இவை நெருக்கமாக இருக்கின்றன. பூங்கா வாசலிலிருந்து அளக்காமல், சவுண்டு பெட்டி வைக்கப்போகும் இடத்திலிருந்து அளந்து பாருங்கள்.

நான்காவது, தினமும் நடக்க வருபவர்கள். பூங்கா அவர்களுடையது என்ற நினைப்பு அவர்களுக்கு உண்டு, அது சரியும்கூட. அனுமதி வாங்குவதற்கு முன்பே அவர்களிடம் போய்ப் பேசுங்கள். எங்கள் முதல் விழாவை எதிர்த்து மனு கொடுக்க இருந்த பெரியவர், விஷயத்தைச் சொல்லிக் கேட்டதும் வாசல் பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டார்.

கூட்டத்தின் அளவையும் இங்கேயே முடிவு செய்யுங்கள். தரையில் உட்கார ஒருவருக்கு ஒரு சதுர மீட்டர் என்று வையுங்கள். புல்வெளியில் பாதியை வழிக்கும், மேடைக்கு முன்னால் தரையில் ஆடும் களத்துக்கும் விட்டுவிட்டு மீதியைக் கணக்கிடுங்கள்.

3. அனுமதி: எது முன், எது பின்

முதல் கடிதம் பூங்காவுக்கு உரிய அலுவலகத்திலிருந்து. பெரும்பாலும் மாநகராட்சி. அது இல்லாமல் காவல் நிலையத்தில் மனுவை வாங்கினாலும் கிடப்பில்தான் கிடக்கும். அதன் நகலோடு காவல்துறை, அப்புறம் தீயணைப்பு, மின்வாரியத் தற்காலிக இணைப்பு, சாப்பாட்டுக் கடை வைத்தால் உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு. எல்லா மனுவுக்கும் கையால் வரைந்ததே ஆனாலும் ஓர் இட வரைபடம் இணையுங்கள். மேடை, ஜெனரேட்டர், கழிப்பறை, ஆம்புலன்ஸ் வழி, இரண்டு வாசல் இவை அதில் இருந்தால் திரும்பத் திரும்ப நடக்க வேண்டியதில்லை.

ஒலி விதிகளை மனப்பாடமாகத் தெரிந்துகொள்ளுங்கள். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கிக்கு எழுத்து அனுமதி வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. பொது இடத்தின் எல்லையில் ஒலி, அந்தப் பகுதிக்கு உரிய அளவைவிட 10 டெசிபெலுக்கு மேல் போகக் கூடாது, 75ஐயும் தாண்டக் கூடாது. குடியிருப்புப் பகுதிக்குப் பகல் அளவு 55. ஆகவே வீடுகள் சூழ்ந்த பூங்காவில் சுற்றுச்சுவர் அருகே 65தான் உச்சம். கூம்பு ஒலிபெருக்கியைக் கேட்கவே கேட்காதீர்கள், பெட்டி என்றே மனுவில் எழுதுங்கள்.

வெளிநாட்டுக் கலைஞர் வந்தால் இரண்டு வேலை. எந்த வகை விசாவில் வந்து மேடையேறலாம் என்பதை அவர்கள் நாட்டிலுள்ள இந்தியத் தூதரகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். அழைப்புக் கடிதத்தில் சம்பளம் உண்டா இல்லையா என்பதைத் தெளிவாக எழுதுங்கள். வந்த பிறகு, அவர்களைத் தங்க வைப்பவர் 24 மணி நேரத்துக்குள் பதிவு செய்ய வேண்டும். ஓட்டல் என்றால் அவர்களே செய்துவிடுவார்கள். அன்பு மிகுதியில் நண்பர் வீட்டில் தங்க வைப்பவர்கள்தான் இதில் மாட்டுகிறார்கள்.

பாட்டு உரிமம் என்று ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. உரிமை உள்ள பாட்டை மேடையில் பாடினாலும் வாசித்தாலும் அதன் வரிக்கும் மெட்டுக்கும் ஐபிஆர்எஸ் என்ற பாடலாசிரியர், இசையமைப்பாளர் உரிமை அமைப்பிடம் உரிமம் கேட்க வேண்டியிருக்கும். இடைவேளையில் சும்மா ஓடவிடும் பதிவுப் பாட்டுக்கும் உரிமம் உண்டு. நாங்கள் பதிவுப் பாட்டை முழுவதுமாக விட்டுவிட்டோம். காரணம் ஏழாவது படியில் வருகிறது.

4. கலைஞர்கள்: அழைக்கும் முன் ஒரு தாள்

வெளிநாட்டுக் குழு என்றால் லட்சக்கணக்கில் விமானச் செலவு என்று பயப்பட வேண்டாம். இந்தியாவில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களிடையே நன்றாக ஆடுபவர்களும் வாசிப்பவர்களும் இருக்கிறார்கள். புதுச்சேரி அருகே பல நாட்டவர் சேர்ந்து வாழும் ஆரோவில் இருக்கிறது. இந்தியக் கலாச்சார உறவுகள் கழகம் வெளிநாட்டுக் குழுக்களை இந்தியாவுக்கு அழைத்து வருகிறது. ஏற்கெனவே பயணத்தில் இருக்கும் குழுவுக்கு மதுரை ஒரு நாள் கூடுதல், அவ்வளவுதான். உலக இசை என்பதற்கு வெளிநாட்டு முகம்தான் வேண்டும் என்பதும் இல்லை. கர்நாடகத்தில் வாழும் ஆப்பிரிக்க வழிவந்த சித்தி மக்களின் ஆட்டத்தையும் ராஜஸ்தானின் மாங்கணியார் பாட்டையும் மதுரையில் எத்தனை பேர் நேரில் கண்டிருக்கிறார்கள்?

எந்தக் குழுவானாலும் அழைக்கும் முன் ஒரே மாதிரித் தாளை அனுப்பி நிரப்பி வாங்குங்கள். எத்தனை பேர், என்னென்ன வாத்தியம், எத்தனை மைக், கரண்டு வாத்தியம் உண்டா, எத்தனை வோல்ட், ஆடுவது வெறுங்காலிலா செருப்பிலா, எவ்வளவு இடம், மேடையேறித் தயாராக எத்தனை நிமிடம், என்ன சாப்பிட மாட்டார்கள்.

வோல்ட் கேள்வி பட்டுத் தெரிந்துகொண்டது. இரண்டாம் வருடம் விருந்தினர் ஒருவர் 110 வோல்ட் கீபோர்டை நம் 230 வோல்ட் பிளக்கில் சொருகினார். ஒரு புகை, அவ்வளவுதான். ஒரு வரி கேட்டிருந்தால் டிரான்ஸ்பார்மர் வாடகைக்கு எடுத்திருக்கலாம்.

நம் ஊர்க் கலைஞர்களிடம் நேரில் போய், வெற்றிலை பாக்கோடு அச்சாரம் கொடுத்துப் பேசுங்கள். போனில் முடித்த பேச்சு, நடுவில் ஒரு கோவில் பொங்கல் வந்தால் நிற்காது, அதில் அவர்கள் மேல் குற்றமும் இல்லை. எத்தனை பேர் என்பதையும் பேசுங்கள். நையாண்டி மேளம் முழுச் செட்டு என்றால் நாதஸ்வரம் இரண்டு, தவில் இரண்டு, பம்பை, தமுக்கு. ‘மேளம்’ என்று மட்டும் சொன்னால் மூன்று பேர் வந்து நிற்கலாம்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். விருந்தினர் பெயர் பெரிதாகவும், நம் பறைக் குழுவின் பெயர் ‘கிராமியக் கலைநிகழ்ச்சி’ என்று கீழே சிறிதாகவும் போடும் வழக்கம் கூடாது. குழுவின் பெயர், ஊர், ஒரே அளவு எழுத்து, ஒரே அளவு மேடை நேரம். சம்பளம் அன்று இரவே கையில்.

5. மேடையும் களமும்

ஒரு மேடை போதும். இரண்டு மேடை போட்டால் சவுண்டு செட்டும் இரண்டு, ஆளும் இரட்டிப்பு. ஆனால் மேடைக்கு முன்னால் பத்து மீட்டர் விட்டத்தில் ஒரு களம் விடுங்கள். பறையாட்டம், தேவராட்டம், ஒயிலாட்டம் எல்லாம் தரையில் வட்டமாகவும் வரிசையாகவும் ஆடுபவை. நாலடி உயர மேடையில் ஏற்றினால் எட்டுப் பேர் ஆட வேண்டிய இடத்தில் நாலு பேர் இடித்துக்கொண்டு ஆடுவார்கள்.

மேடைத் தளத்துக்கு 18 மில்லிமீட்டர் பிளைவுட், அடியில் நெருக்கமாகச் சட்டம். மேலே கார்ப்பெட் விரிப்பதுதான் பந்தல்காரர் வழக்கம். வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். சுருண்ட ஓரத்தில் சலங்கை மாட்டும். பிளாமெங்கோ போலக் காலால் தாளம் தட்டும் ஆட்டத்துக்குக் கார்ப்பெட் விரித்தால் பாதி இசையே போய்விடும். போட்டு முடித்த தளத்தின் மேல் நீங்களே வெறுங்காலோடு ஒருமுறை தேய்த்து நடந்து பாருங்கள். சிலாம்பும் ஆணிமுனையும் அப்படித்தான் தெரியும்.

படிக்கட்டு ஒருபக்கம், சரிவுப் பாதை ஒருபக்கம். பொய்க்கால் குதிரைக் கூட்டைக் கட்டிக்கொண்டு குறுகிய படியில் ஏற முடியாது.

பூங்காவில் குழி தோண்டிக் கம்பம் நட விடமாட்டார்கள், தண்ணீர்க் குழாய் உடையும். மணல் நிரப்பிய டிரம்மில் கம்பத்தை நிறுத்தச் சொல்லுங்கள். ஆட்டக்காரர்களுக்கு உடை மாற்றும் அறை மேடைக்குப் பின்னால், பெண்களுக்குத் தனியாக, கண்ணாடி, விளக்கு, உள்தாழ்ப்பாள் மூன்றும் இருக்க வேண்டும். துணி மறைப்பு போதும் என்று எந்தப் பந்தல்காரர் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பறை காய்ச்ச ஓர் இடமும் வேண்டும். பனியில் தோல் தொய்ந்துவிடும். வைக்கோலும் சருகும் போட்டு மூட்டிய சிறு தீயில் பறையைத் திருப்பித் திருப்பிக் காட்டி, விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். ‘தொப்’ என்றிருந்த சத்தம் ‘டங்’ என்று ஏறும்வரை காய்ச்சல் நடக்கும். புல்லில் தீ மூட்ட முடியாது. மரத்திலிருந்து தள்ளி, சிமென்ட் தரையில் ஓர் இரும்புச் சட்டி, பக்கத்தில் இரண்டு வாளி மணல். தீயணைப்பு வரைபடத்தில் இதையும் குறித்துவிடுங்கள். எங்கள் விருந்தினர்களில் ஜெம்பே வாசிக்கும் ஒருவர் இந்தச் சட்டியைப் பார்த்ததும் தன் ஆட்டுத்தோல் மேளத்தைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் குந்திக்கொண்டார். அன்று முதல் தீச்சட்டிக்குப் பக்கத்தில் நாலு ஸ்டூல் போட்டு வைக்கிறோம்.

6. கரண்டும் சவுண்டும்

லைட்டுக்கு ஒரு லைன், சவுண்டுக்கு ஒரு லைன். ஒன்றாக இழுத்தால் பெட்டியில் ‘ஊம்’ என்ற இரைச்சல் கடைசிவரை நிற்கும். ஜெனரேட்டர் கூட்டத்திலிருந்து தள்ளி, புகை மேடைப் பக்கம் வராத திசையில். எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதித்த பிறகே மைக்கைத் தொடலாம். பனி ஈரத்தில் நிற்கும் பாடகருக்கு உதட்டில் ஷாக் அடிப்பது நடக்கும் விஷயம்.

நம் மைக் செட்டுக்காரர்கள் கோவில் விழாவில் தேர்ந்தவர்கள். ஊர் எல்லைவரை கேட்க வேண்டும் என்பது அங்கே தேவை. உங்கள் தேவை வேறு என்பதை முன்பே உட்கார்ந்து பேசுங்கள். முன்னால் இரண்டு பெரிய பெட்டியை அலற விடுவதற்குப் பதில், நடுவில் இன்னும் இரண்டு சிறு பெட்டி வைத்தால் சத்தம் குறைவாகவே இருந்தும் கடைசி வரிசைக்குத் தெளிவாகக் கேட்கும். நடுப் பெட்டிக்கு ஒலியைத் தாமதப்படுத்த வேண்டும், மீட்டருக்கு ஏறக்குறைய மூன்று மில்லிசெகண்ட். 34 மீட்டர் தள்ளியிருந்தால் பத்தில் ஒரு நொடி. இதைச் செய்யாவிட்டால் ஒவ்வொரு அடியும் இரண்டு முறை கேட்கும்.

எதற்கு மைக் வேண்டாம் என்பதும் தெரிய வேண்டும். பறைக்கும் செண்டைக்கும் பூங்கா அளவில் மைக் தேவையில்லை. தவிலுக்கு வலப்பக்கமான வலந்தலைக்கு ஒன்று, இடப்பக்கமான தொப்பிக்கு ஒன்று. நாதஸ்வரத்தின் வாய்க்கு நேரே மைக்கை ஒட்டி வைக்காதீர்கள், ஓரடிக்கு மேல் தள்ளி வையுங்கள். மைக் அதிகம் வேண்டுவது வயலின், புல்லாங்குழல், குரல் போன்ற மெல்லிய ஒலிகளுக்குத்தான்.

7. நிகழ்ச்சி நிரல்: இடைவெளிதான் எதிரி

விழா கெடுவது பெரும்பாலும் கலைஞர்களால் இல்லை. ஒரு குழு இறங்கி அடுத்த குழு ஏறும் இருபது நிமிடத்தில் கெடுகிறது. அரங்கம் என்றால் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். பூங்காவில் குழந்தை ஊஞ்சலுக்கு இழுக்கும், அப்பா ஜிகர்தண்டாவுக்குப் போவார், பாதிக் கூட்டம் திரும்பி வராது.

இதற்குத்தான் களம். மேடையில் ஒரு குழு முடிக்கும் கடைசி நிமிடத்தில் களத்தின் ஓரத்தில் அடுத்த குழு தயாராக நிற்க வேண்டும். மேடை விளக்கு அணையும், களத்து விளக்கு எரியும், பறை ஒலிக்கும். இருபத்தைந்து நிமிடம் அங்கே முழு நிகழ்ச்சி. அதற்குள் மேடையில் மைக் மாற்றி முடித்துவிடலாம். களத்தில் ஆடுபவர்களை ‘இடைவேளை நிகழ்ச்சி’ என்று அறிவிப்பாளர் ஒருமுறைகூடச் சொல்லக் கூடாது. அதை எழுதியே கொடுங்கள்.

மெல்லியது முதலில், முழக்கம் பிறகு. உறுமியும் செண்டையும் கேட்ட காதுக்கு அடுத்து வரும் ஒற்றைப் புல்லாங்குழல் கேட்காது. வெளிச்சம் இருக்கும்போதே ஐந்தரைக்குத் தொடங்குங்கள். ஒன்பதரைக்கு முடிவு என்று அச்சிடுங்கள். மீதி அரை மணி நேரம் தாமதத்துக்கு. பத்து மணி விதிக்கு விலக்கு கேட்டு விழா நடுவில் காவலரோடு பேசிக்கொண்டிருக்கும் நிலைமை வரவே கூடாது.

கடைசியில் எல்லாக் குழுவும் சேர்ந்து வாசிப்பது கூட்டத்துக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் ஒத்திகை இல்லாமல் மேடையில் தள்ளினால் ஆளுக்கொரு தாளம் போகும். முதல் நாள் மாலை இரண்டு மணி நேரம் எல்லோரையும் ஒரே அறையில் உட்கார வையுங்கள். ஒரு தாளம், ஒரு மெட்டு, யார் தொடங்குவது, யார் கையசைத்தால் முடிப்பது, இவ்வளவு போதும்.

8. விழா அன்று

சவுண்டு சரிபார்ப்பு நிகழ்ச்சிக்குத் தலைகீழ் வரிசையில். கடைசியாக மேடையேறுபவர் முதலில் பார்ப்பார், முதல் நிகழ்ச்சிக்காரர் கடைசியாகப் பார்த்து அப்படியே தயாராக நிற்பார். காலை பதினொன்றுக்குத் தொடங்கினால்தான் நாலரைக்கு முடியும். பகல் வெயிலில் தோல் வாத்தியத்தையும் மர வாத்தியத்தையும் மேடையில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்.

பெண் ஆட்டக்காரர்களின் பாதுகாப்புக்கு இரண்டு பெண் தன்னார்வலர்கள் களத்தின் விளிம்பிலேயே நிற்க வேண்டும். கரகாட்டத்தின்போது ஆடுபவர் உடையில் ரூபாய் நோட்டைக் குத்தக் கிளம்பி வருபவர் இருப்பார். களத்துக்குள் யாரும் வரக் கூடாது, அன்பளிப்பு தருபவர்கள் மேடையருகே இருக்கும் பெட்டியில் போடலாம் என்று நிகழ்ச்சிக்கு முன்பே அறிவியுங்கள். அந்தப் பெட்டியைக் குழுத்தலைவர் கையில் அன்றே ஒப்படையுங்கள். மூன்றாம் வருடம் இதை அறிவிக்க மறந்தோம். ஒரு பெண் பாதி ஆட்டத்தில் கரகத்தை இறக்கி வைத்துவிட்டு வெளியேறினார். அவரிடம் மன்னிப்புக் கேட்பதைத் தவிர எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஒருவர் சுற்றுச்சுவர் ஓரமாக அரை மணிக்கு ஒருமுறை நடந்து ஒலியளவைப் பார்க்கட்டும். போன் செயலி துல்லியமாக இராது, ஆனாலும் ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டும். குடிதண்ணீருக்கு கேன், எவர்சில்வர் டம்ளர். நடமாடும் கழிப்பறையை வாடகைக்கு எடுக்கும்போது தண்ணீர் லாரியையும் சேர்த்தே பேசுங்கள்.

9. மறுநாள் காலை ஐந்து மணிக்குள்

பந்தல் பிரிப்பதை மறுநாளுக்குத் தள்ளிப்போடாதீர்கள். ஐந்து மணிக்கு நடக்க வருபவர்கள் வந்துவிடுவார்கள், அடுத்த வருட அனுமதிக்கு அவர்கள் வாய்ச்சொல்தான் சாட்சி. இரவே குப்பையைத் தரம் பிரித்து மூட்டை கட்டி, விளக்கு இருக்கும்போதே தீச்சட்டிச் சாம்பலில் தண்ணீர் ஊற்றி ஆற்றுங்கள்.

கடைசி வேலை ஆணி பொறுக்குவது. மேடை பிரிக்கும்போது சிதறும் ஆணியும் கம்பித் துண்டும் புல்லுக்குள் போய்விடும், கண்ணுக்குத் தெரியாது. பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த பெரிய காந்தத்தைக் கயிற்றில் கட்டி, மேடை இருந்த இடத்தையும் களத்தையும் நெடுக்கிலும் குறுக்கிலும் மெதுவாக இழுத்து வாருங்கள். சென்ற முறை ஒரு தேங்காய்ச் சிரட்டை நிறைய ஆணி வந்தது. அந்தப் புல்லில்தான் சாயங்காலம் குழந்தைகள் செருப்பில்லாமல் ஓடும்.